பச்சைப் பெட்டி

விழுப்புரத்தில் இருக்கிற என் அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இரண்டு போட்டோ போட்டாள். அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். முதல் போட்டோவில் பிரவுன் பேப்பர் அட்டை போட்ட மெல்லிய புத்தகம் ஒன்று. மூலையில் லேபிள், லேபிளில் அவளுடைய குண்டு எழுத்தில் பெயரும் வகுப்பும். இரண்டாவது போட்டோ உள்ளே ஒரு பக்கம். ஒரு மரப்பெட்டி வானத்தில் பறக்கிறது, பெட்டிக்குள் மூன்று பிள்ளைகள், கீழே எறும்பு எறும்பாய் வீடுகள். பக்கம் முழுக்க ஸ்கெட்ச் பேனாவால் கலர் அடித்திருந்தது. பெட்டி ஊதா.

கீழே எழுதியிருந்தாள்: "பரண் காலி பண்றோம். யாருக்காவது வேணுமா? இல்லன்னா நாளைக்குப் பேப்பர்காரருக்குப் போட்டுடுவேன்."

நான் அப்போது லேப்டாப் முன்னால் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தேன். யாரோ யாருக்கோ ஏதோ விளக்கிக்கொண்டிருந்தார்கள். நான் மைக்கை அணைத்துவிட்டுப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் புத்தகத்தை இருபது வருஷமாக எனக்குத் தெரியும். நான்கு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவளோ பழைய குக்கர் மூடி, உடைந்த டார்ச் லைட் வரிசையில் அதையும் ஒரு போட்டோ எடுத்துப் போட்டுவிட்டாள். அவளிடம் எப்போதும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். நான் ஏங்கியும் கிடைக்காதது அவள் வீட்டில் சும்மா கிடக்கும்.

"எனக்கு எனக்கு" என்று டைப் பண்ணிவிட்டு, அது அற்பமாகத் தெரியவே அழித்துவிட்டு, "சும்மா பாக்கலாம்னு, நாளைக்கு வர்றேன்" என்று அனுப்பினேன்.

இந்தப் பைத்தியத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பழைய கலரிங் புக் சேர்க்கிறவள். அதிலும் டி.வி. தொடர்களை வைத்துப் போட்ட கலரிங் புக் மட்டும். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்த தொடர்கள், தமிழில் டப் பண்ணி வாய் ஒரு பக்கமும் வசனம் ஒரு பக்கமும் போகும் தொடர்கள், அவற்றையெல்லாம் யார் யாரோ மட்டமான தாளில் கோட்டுப் படமாக அச்சடித்து பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்கள். தாள் மை ஒற்றுகிற தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கும். மூக்கில் வைத்தால் மண்ணெண்ணெய் வாடை. படத்தில் இருப்பவர்கள் டி.வி.யில் இருப்பவர்கள் மாதிரியே இருக்க மாட்டார்கள். ஆனால் நமக்கு அடையாளம் தெரியும். கலர் அடித்து முடித்ததும் பழைய பேப்பரோடு போய்விட்டவை. அதனால்தான் கிடைப்பதில்லை.

இன்ஜினியரிங் முடித்து, சென்னையில் இரண்டு வேலை மாறி, மூன்றாவது வேலையைத் திண்டிவனம் வீட்டு மாடியிலிருந்தே பார்க்கிறேன். வேலை நேரம் போக காயலாங்கடை, பழைய பேப்பர் கடை, பாண்டி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை என்று அலைகிறேன். கிடைத்ததைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். என்னை மாதிரி இன்னும் சிலர் இருக்கிறார்கள். சேலத்துக்காரர் ஒருவர் இருக்கிறார். கண்ணாடி அலமாரியில் நாற்பதுக்கு மேல் வைத்திருக்கிறார், எல்லாம் கலர் படாதவை. அவர் புதுப் படம் போட்டாலே எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. கீழே "அருமை சார்" என்று எழுதிவிட்டு போனைக் கவிழ்த்து வைப்பேன். அந்தச் சேலத்துக்காரரிடம்கூடப் பறக்கும் பெட்டி இல்லை.

பறக்கும் பெட்டி என்பது தொடரின் பெயர் இல்லை. பெயர் எங்கள் யாருக்கும் ஞாபகம் இல்லை. மூன்று பிள்ளைகள், அவர்களுடைய மந்திரவாதி மாமா விட்டுப்போன பெட்டி, அதில் ஏறி மூடியைத் தட்டினால் ஊர் ஊராகப் பறக்கும். அவ்வளவுதான் கதை. இன்டர்நெட்டில் எங்கு தேடியும் ஒரு நிமிஷக் காட்சிகூட இல்லை.

இனி உண்மையான எரிச்சலுக்கு வருகிறேன்.

எனக்கு எட்டு வயது. அக்காவுக்குப் பத்து. பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை, விழுப்புரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ், வீட்டில் கலர் டி.வி. எங்களுக்குத் திண்டிவனத்தில் வாடகை வீடு, கறுப்பு வெள்ளை டி.வி. அப்பா கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகத்தில் வேலை பார்த்தார். தொடர் இரண்டு வீட்டிலும் ஒரே நேரத்தில்தான் ஓடியது. ஒரே மூன்று பிள்ளைகள், ஒரே பெட்டி. ஆனால் அவளுக்குக் கலரில் பறந்தது, எனக்குச் சாம்பலில் பறந்தது. அது அப்போது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. பார்க்கப் பார்க்க நானே ஒவ்வொன்றுக்கும் ஒரு கலர் வைத்துக்கொண்டேன்.

அந்த முழுப்பரீட்சை லீவுக்கு விழுப்புரம் போனபோது அவளிடம் கலரிங் புக் இருந்தது. பெரியப்பா வாங்கித் தந்தது. பெரியம்மா அதற்கும் பாடப்புத்தகம் மாதிரி பிரவுன் அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருந்தாள். எங்கள் குடும்பத்தில் புத்தகம் என்று வந்தால் அட்டை போடாமல் விட மாட்டார்கள். பதினாறு பக்கம், தாளுக்கு ஒரு பக்கம் மட்டும் படம், பின்பக்கம் வெற்று. கூடவே பன்னிரண்டு கலர் ஸ்கெட்ச் பேனா, பிளாஸ்டிக் உறையில். ஒன்றைக்கூட அவள் இன்னும் திறக்கவில்லை. மூடி கழன்றுவிடுமோ என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று அம்மாவிடம் அழுதேன். பஸ் ஸ்டாண்டு கடையில் போய்க் கேட்டால் தீர்ந்துவிட்டது என்றார்கள். அம்மா சொன்ன வழிதான் காப்பி எடுப்பது. மெல்லிய தாளில் தேங்காய் எண்ணெய் தடவினால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். படத்தின் மேல் வைத்துப் பென்சிலால் கோட்டின் மேலேயே போகலாம். வீட்டுக்குப் போனதும் அந்தத் தாளின் பின்பக்கம் பென்சிலால் கிறுக்கி, வெள்ளைத் தாளின் மேல் வைத்து இன்னொரு தடவை அழுத்தி வரைந்தால் படம் இறங்கிவிடும். எங்கள் வயதுக்காரர்கள் எல்லோரும் மேப் வரைந்தது இப்படித்தானே.

அக்காவிடம் கெஞ்சினேன். அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அப்புறம் நான்கு பக்கங்களை கிளிப் போட்டு மூடினாள். இந்த நாலு எனக்கு, மீதியை எடுத்துக்கோ என்றாள். அந்த நாலும்தான் புத்தகத்திலேயே உயிர்ப் பக்கங்கள். பெட்டி பறப்பது, பெட்டி மழையில் நனைவது, மாமா திரும்பி வருவது, கடைசியில் நிலா. எனக்கு விட்டது எல்லாம் பிள்ளைகள் சாப்பிடுவது, பெட்டி மூடிக் கிடப்பது மாதிரி. பன்னிரண்டு பக்கமும் எடுத்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்த எண்ணெய் பாட்டிலில் பாதி காலி. ஆனால் மனசு முழுக்க அந்த நாலு பக்கத்தின் மேல்தான். கிளிப்பை எடுத்துப் பார்த்துவிடலாமா என்று இரண்டு தடவை கை போனது. அவள் கண்கொத்திப் பாம்பாய் உட்கார்ந்திருந்தாள்.

திண்டிவனம் வந்து, அப்பா அச்சகத்திலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் தாளில் பன்னிரண்டையும் இறக்கி, முனை உடைந்த க்ரேயானால் கலர் அடித்தேன். பள்ளிக்கூடம் திறந்து காலாண்டு லீவு வருகிற வரை அதே வேலை. பெரியவனுக்குச் சிவப்புச் சட்டை. சின்னவளுக்கு மஞ்சள் பாவாடை. பெட்டி பச்சை. நல்ல இலைப் பச்சை. எனக்குச் சந்தேகமே இல்லை, டி.வி.யில் அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தால் எனக்குப் பச்சையாகத்தான் தெரிந்தது.

காலாண்டு லீவுக்குத் தாள்களை ஒரு ஃபைலில் வைத்து விழுப்புரம் எடுத்துப்போனேன். குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் நாலைந்து பேர் அங்கே இருந்தார்கள். எல்லோர் முன்னாலும் பெருமையாகப் பரப்பினேன். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பெட்டி தனியாக மூடிக் கிடக்கிற தாளுக்கு வந்ததும் சிரிக்க ஆரம்பித்தாள்.

"பெட்டி பச்சையா? ஊதாடீ லூசு. உங்க டி.வி.ல கலரே வராதுல்ல, உனுக்கு எப்படித் தெரியும்?"

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். அவள் ஊதா ஸ்கெட்சை எடுத்து, என் தாளின் ஓரத்தில் ஒரு அம்புக்குறி போட்டு, "ஊதா" என்று டீச்சர் மாதிரி எழுதினாள். அப்புறம் கிளிப் போட்டிருந்த தன்னுடைய பக்கம் ஒன்றைத் திறந்து காட்டினாள். ஊதாப் பெட்டி, ஆரஞ்சு வானம். ஸ்கெட்ச் கோடு ஒன்றின் மேல் ஒன்று படாமல் அவ்வளவு அழகு. ஒரு பக்கம் மட்டும்தான் காட்டினாள். மீதியும் இதேபோல் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். அந்தப் புத்தகத்தைக் காட்டு என்று அதற்குப் பிறகு நான் கேட்டதே இல்லை. ரோஷம்.

அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி. எங்கள் வீட்டுக்கு வந்தபோது தொடர் முடிந்து போயிருந்தது. லீவுக்கு விழுப்புரம் போனாலும் அம்மா சனிக்கிழமையே கூட்டிவந்துவிடுவாள், அதனால் நான் அந்தப் பெட்டியைக் கலரில் பார்த்ததே இல்லை. வளர்ந்து, படித்து, சம்பாதித்து, எத்தனையோ கலரிங் புக் சேர்த்த பிறகும் உள்ளே ஒரு மூலையில் ஆசை ஒன்று உட்கார்ந்திருந்தது: அக்கா பொய் சொல்லியிருக்க வேண்டும், பெட்டி பச்சையாகத்தான் இருந்திருக்க வேண்டும். புத்தகத்தின் முன்னட்டையில் கலர்ப் படம் இருக்கும் இல்லையா. பிரவுன் பேப்பருக்கு அடியில் அது இருபது வருஷமாக இருக்கிறது. யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் பேப்பர்காரர் எனக்கு முன்னால் போய்விடுவார் என்று பதற்றம். விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்ற ஐந்து நிமிஷத்தில் அவளுக்கு இரண்டு மெசேஜ். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு குவார்ட்டர்ஸ் போய்ச் சேர்ந்தபோது வீடு பாதி காலி. பெரியப்பா ரிட்டையர் ஆகி, அந்த மாதக் கடைசிக்குள் வீட்டை விட வேண்டும். அக்காவைக் கட்டிக்கொடுத்த வீடு அதே ஊரில்தான். சாமான் ஒழிக்கிறதுக்காகத் தன் ஐந்து வயது மகளோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு கலரிங் புக்குக்காக லீவு போட்டுட்டு வந்திருக்கா பாரு உன் சித்தி" என்று மகளிடம் சொன்னாள். "இன்னாடீ, சாப்டியா?"

சாப்பிட்டேன் என்று பொய் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தால் நேரமாகும்.

புத்தகம் அந்தக் குழந்தை மடியில் இருந்தது. அதன் கையில் ஒரு ஸ்கெட்ச் பேனா வேறு. நான் பக்கத்தில் உட்காருவதற்குள் அது பிரவுன் அட்டையின் மூலையைப் பிடித்து இழுத்தது. ஒட்டியிருந்த பசை காய்ந்து போயிருந்ததால் தாள் சருகு மாதிரி முழுசாகக் கழன்று வந்தது.

உள்ளே முன்னட்டை இன்றைக்கு அச்சடித்த மாதிரி இருந்தது. வெயில் படாத கலர். மூன்று பிள்ளைகள், மேகம், பெட்டி.

பெட்டி ஊதா.

இருபது வருஷமாக வைத்திருந்த ஒரு வழக்கில் தோற்றுப்போன மாதிரி இருந்தது. அக்கா கவனிக்கவே இல்லை. அவள் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தோற்றது எனக்கு மட்டும்தான் தெரிகிறது என்பது இன்னும் கடுப்பு.

குழந்தையிடம் சாக்லேட் கொடுத்துப் புத்தகத்தை வாங்கினேன். பக்கம் புரட்டினேன். முதல் பக்கம் வெள்ளை. இரண்டாவது வெள்ளை. வெள்ளை என்றும் சொல்ல முடியாது. பழுப்பாக, நடுவில் பெரிய பெரிய திட்டு, தாள் வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்தது. கோடுகளின் மேல் பென்சில் அழுத்திய பள்ளம். விரலால் தடவினால் தட்டுப்பட்டது. சில இடத்தில் ஆரஞ்சும் நீலமும் தொட்டு நிறுத்திய சிறு சிறு புள்ளிகள். அதற்கு மேல் எதுவும் இல்லை. பன்னிரண்டு பக்கமும் அப்படி. நான்கு பக்கம் மட்டும் முழுக் கலரில் ஜொலித்தது.

"இதெல்லாம் ஏன்க்கா அடிக்கல?" என்று கேட்டேன்.

அவள் மூட்டையை விட்டுவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

"எங்க அடிக்கிறது? நீ எண்ணெயைக் கொட்டிக்கினு வரைஞ்சே இல்ல, எல்லாம் கீழ எறங்கிடுச்சு. ஸ்கெட்ச் வெச்சா முத்து முத்தா நின்னுச்சு. க்ரேயான் வெச்சா வழுக்கிக்கினு போச்சு. ஒரு வாரம் வெயில்ல காய வெச்சுகூடப் பாத்தேன்."

எண்ணெய் அடியில் இருக்கிற தாளுக்கும் இறங்கும் என்று எட்டு வயதில் எனக்குத் தோன்றவில்லை, அம்மாவுக்கும் தோன்றவில்லை, இன்ஜினியரிங் படித்த பிறகும் நான் அதை யோசித்ததே இல்லை. கிளிப் போட்டு எனக்குத் தர மாட்டேன் என்று மூடிய நான்கு பக்கம் தப்பித்தது. போனால் போகிறது என்று எனக்குக் கொடுத்த பன்னிரண்டும் பாழ்.

"அப்பவே சொல்றதுதானே" என்றேன்.

"சொன்னா சித்தி உன் தோலை உரிச்சிருக்கும். அப்புறம் லீவுக்கு அனுப்ப மாட்டாங்க. இந்தக் குவார்ட்டர்ஸ்ல எனக்கு யாருடீ இருந்தா?" என்றவள், சிரித்துக்கொண்டே சொன்னாள். "ஆனா காலாண்டு லீவுக்கு வந்து பன்னெண்டையும் கலரடிச்சுப் பரப்புன பாரு. எனுக்கு அப்படியே பத்திக்கினு வந்துச்சு. என் புக்கு மொட்டையா கெடக்குது, நீ ஃபுல்லா அடிச்சு எடுத்துக்கினு வந்து நிக்கிற. அதான் அன்னிக்கு அந்தப் பச்சையைப் புடிச்சுக்கினேன்."

அவள் இதையெல்லாம் ஒரு பழைய ஜோக் மாதிரிதான் சொன்னாள். நான் இருபது வருஷம் அடைகாத்ததை அவள் இருபது வருஷம் முன்னாலேயே விட்டுவிட்டாள். அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் அவள் இடத்தில் இருந்திருந்தால் அன்றைக்கே ஊரைக் கூட்டியிருப்பேன்.

பிறகுதான் அவள் அதைக் கேட்டாள்.

"உன் தாளெல்லாம் இருக்குதா? இருந்தா எடுத்துக்கினு வாயேன். இவளுக்குக் காட்டணும். எனுக்கும் ஒரு தபா பாக்கணும் போல இருக்குது. நீயே பைத்தியக்காரி, வெச்சிருப்பே."

இருக்கிறது. திண்டிவனம் வீட்டில், என் அலமாரியில், மேல்தட்டில், பிளாஸ்டிக் ஃபைலில், பன்னிரண்டும் இருக்கிறது. வாய் திறந்தபோது வேறு வந்தது.

"எங்க போச்சோக்கா. வீடு மாத்தும்போது போயிடுச்சு."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிஷமே எனக்குத் தெரியும். இருக்கிறது என்றால் கொடுக்க வேண்டியிருக்கும். அவளிடம் ஏற்கெனவே கலர் டி.வி. இருந்தது, ஸ்கெட்ச் இருந்தது, புத்தகம் இருந்தது, சரியான கலரும் இருந்தது. என்னிடம் இருந்தது அந்தத் தப்பான கலர் ஒன்றுதான்.

"சரி, போனாப் போவுது" என்றாள். "இத நீ எடுத்துக்கினு போ. இங்க இருந்தா இவ கிறுக்கிடுவா."

குழந்தை சிணுங்கியது. அக்கா சமாளித்துக்கொண்டாள். கழன்ற பிரவுன் அட்டையையும் மடித்துப் பையில் வைத்துக்கொடுத்தாள். லேபிளை மட்டும் கிழித்து வைத்துக்கொள்கிறாயா என்று நான் கேட்டிருக்கலாம், அவளுக்கென்று ஏதாவது மிஞ்சட்டும் என்று. கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபைலை எடுத்தேன். பெட்டி மூடிக் கிடக்கிற பக்கத்தின் மேல் என் தாளை வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். புத்தகத்தாள் எண்ணெய் குடித்து ஊடுருவித் தெரிந்ததால் இரண்டும் ஒன்றாகிவிட்டது. கோட்டின் மேல் கோடு. ஒரு நூல் அளவு மட்டும் இடதுபக்கம் தள்ளி. எட்டு வயதில் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்ட கோடு. அவள் பெட்டிக்குள் என் பச்சை நிறைந்திருந்தது.

இந்த ஜோடியைப் படம் எடுத்துப் போட்டால் போதும், சேலத்துக்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பார்த்துப் புழுங்குவார். எட்டுப் பத்து போட்டோ எடுத்தேன். எழுதியும் முடித்தேன். போஸ்ட் பண்ணுகிற இடத்தில் விரல் நின்றுவிட்டது. நான் எது போட்டாலும் முதல் ஆளாக வந்து ஹார்ட் போடுகிறவள் என் அக்காதான். அந்தத் தாளைப் பார்த்த நொடியில் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் கையெழுத்தே அதில் இருக்கிறது, அம்புக்குறியோடு.

மூன்று வாரம் அந்த போட்டோக்கள் போனிலேயே கிடந்தன. ராத்திரியும் பகலும் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டு, காட்டவும் முடியாமல், பெரிய பேஜாராகிவிட்டது. ஆசைப்பட்டது கையில் இருக்கிறது, பொறாமைப்பட ஆளும் தயாராக இருக்கிறார், நடுவில் நான் சொன்ன ஒரே ஒரு பொய்.

நேற்று அக்காவுக்கு போன் பண்ணி, தாள் கிடைத்துவிட்டது என்றேன். எங்க இருந்துச்சு என்று அவள் கேட்கவே இல்லை. "அதான, நீயாவது தொலைக்கிறதாவது" என்றாள். அவளுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாள். குழந்தைக்குப் புதுசாக ஸ்கெட்ச் வாங்கியிருக்கிறாளாம்.

ஃபைலில் தாள்களை அடுக்கி வைத்துவிட்டேன். பிள்ளைகள் சாப்பிடுவது, தூங்குவது, சண்டை போடுவது எல்லாம் இருக்கிறது. பதினொன்று. பெட்டி மூடிக் கிடக்கிற பச்சைத் தாளை மட்டும் வைக்கவில்லை. அவள் எண்ணிப் பார்ப்பாள், பன்னிரண்டு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.